தொப்புள்கொடி இரத்தம்: காசு கட்டிச் சேமிக்கத்தான் வேண்டுமா?



வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது என்றால் பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள். பாட்டி ஒன்று சொல்வார், நாத்தனார் ஒன்று சொல்வார், எதிர்வீட்டு அக்கா ஒன்று சொல்வார். இப்போது புதிதாக இன்னொருவரும் யோசனை சொல்ல வருகிறார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களுக்கு ஸ்கேன் எடுக்கவும், தனியார் நர்சிங் ஹோமில் காட்டவும் போகிற கர்ப்பிணிகள் சிலரிடம் வழவழப்பான ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. "உங்கள் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தை எங்களிடம் சேமித்து வையுங்கள். நாளைக்குப் பெரிய வியாதி வந்தால் அதுவே மருந்து. இது உங்கள் பிள்ளைக்கு நீங்கள் எடுக்கும் இன்ஷூரன்ஸ்" என்று அதில் அச்சிட்டிருக்கிறது. கையில் காசு இல்லாவிட்டால் மாதத் தவணையாகவும் கட்டலாம் என்கிறார்கள்.

பிள்ளையின் பெயரைச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் மனசு இளகாது? "கழுத்துச் செயினை அடகு வைத்தாவது கட்டிவிடலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. "கட்டாமல் விட்டால் நாளைக்கு நம்மைக் குறை சொல்லுமே பிள்ளை" என்று கலங்குகிறவர்களும் உண்டு. அப்படிக் கேட்கிறவர்களுக்காகவும் கலங்குகிறவர்களுக்காகவும்தான் இந்தச் சிறு வெளியீடு. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

தொப்புள்கொடி இரத்தம் என்பது என்ன?

வயிற்றில் இருக்கும் சிசுவுக்குச் சாப்பாடும் பிராணவாயுவும் நஞ்சுக்கொடி வழியாகத்தான் போகின்றன. நஞ்சுக்கொடியையும் சிசுவையும் இணைக்கும் குழாயே தொப்புள்கொடி. இந்தக் கொடியிலும் நஞ்சிலும் ஓடுகிற இரத்தம் தாயின் இரத்தம் அல்ல, குழந்தையின் சொந்த இரத்தம். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப் போகிற முக்கியமான விஷயத்துக்கு இதுதான் அடிப்படை.

இந்த இரத்தத்தில் ஒரு விசேஷம் உண்டு. நம் உடம்பில் இரத்தம் ஊறுகிற இடம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. அங்கே ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் இருக்கின்றன. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் இவற்றிலிருந்துதான் உண்டாகின்றன. நாற்றங்காலில் ஒரு கை விதை விட்டால் ஒரு வயலுக்கு நாற்று கிடைக்கிறதல்லவா, அதுபோல. இந்தக் குருத்தணுக்கள் தொப்புள்கொடி இரத்தத்திலும் நிறைய உண்டு. மஜ்ஜை கெட்டுப்போன ஒரு நோயாளிக்கு, கெட்ட மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, நல்ல குருத்தணுக்களை இரத்தம் ஏற்றுவதுபோல ஏற்றினால், அவை எலும்புக்குள் போய் வேர்பிடித்துப் புது இரத்தத்தை ஊறச் செய்யும்.

இதனால் பிழைத்த பிள்ளைகள் உண்டு

இது கட்டுக்கதை அல்ல. 1988-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரான்ஸ் தேசத்தில் பாரிஸ் நகரத்து செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மான் என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் உலகிலேயே முதன்முதலாக இந்தச் சிகிச்சையைச் செய்தார்கள். ஃபான்கோனி இரத்தசோகை என்ற பிறவி நோயால் மஜ்ஜை வற்றிப்போன ஐந்து வயதுப் பையன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து அங்கே கொண்டு வரப்பட்டான். அவனுக்குப் புதிதாகப் பிறந்த தங்கையின் தொப்புள்கொடி இரத்தம் ஏற்றப்பட்டது. பையன் பிழைத்து, வளர்ந்து ஆளானான். அதன் பிறகு உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்தச் சிகிச்சை நடந்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பையனுக்கு ஏற்றியது அவனுடைய சொந்த இரத்தம் அல்ல. நோய் இல்லாத தங்கையின் இரத்தம். அப்போதே நோய் இருந்தது, யாருக்குத் தேவை என்று தெரிந்திருந்தது, பொருத்தமும் பார்க்கப்பட்டது. அதன் பிறகே சேமித்தார்கள். நம் வீட்டு வாசலில் வந்து பேசுகிறவர் சொல்வது இதுவல்ல. எந்த நோயும் இல்லாத குடும்பத்தில், என்றைக்கோ வரக்கூடும் என்ற ஒரு நோய்க்காக, அதே பிள்ளைக்காக எடுத்து வைக்கச் சொல்கிறார். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தனியார் வங்கி எப்படி நடக்கிறது?

நம் நாட்டில் இந்தத் தொழில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. சென்னையில் லைஃப்செல் என்ற நிறுவனம் 2004-இல் தொடங்கப்பட்டது. வேறு கம்பெனிகளும் உண்டு. பிரசவத்துக்கு முன்பே பணம் வாங்கிக்கொண்டு ஒரு பெட்டியைக் கொடுத்துவிடுவார்கள். குழந்தை பிறந்து கொடியை அறுத்ததும், நஞ்சுக்கொடிப் பக்கத்து இரத்தத்தை ஊசி மூலம் ஒரு பையில் இறக்குவார்கள். அந்தப் பை சோதனைச்சாலைக்குப் போய்ச் சேரும். அங்கே அணுக்களைப் பிரித்து, சைபருக்குக் கீழே 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜன் தொட்டியில் வைப்பார்கள். கட்டணம் திட்டத்துக்குத் தக்கபடி மாறும். பல திட்டங்களில் ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டும்.

இந்த வங்கிகள் சட்டத்துக்குப் புறம்பானவை அல்ல. 2011-ஆம் ஆண்டு இறுதியில் மத்திய அரசு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளைத் திருத்தி, இவற்றுக்கு உரிமம் கட்டாயம் என்று ஆக்கியது. ஆனால் உரிமம் இருக்கிறது என்றால் சேமிப்பு முறை சரி என்று அர்த்தம். சேமித்தது உங்களுக்குப் பயன்படும் என்று அர்த்தமல்ல. லாரிக்குப் பர்மிட் இருப்பது வேறு, நமக்கு லாரி தேவையா என்பது வேறு.

தன் இரத்தம் தனக்கே உதவுமா?

இதுதான் மூலக் கேள்வி. பதில்: பெரும்பாலும் உதவாது. காரணம் மூன்று.

முதல் காரணம், நோயின் வேர் அந்த இரத்தத்திலேயே இருப்பது. தலசீமியா போன்ற பரம்பரை நோய்கள் கருவிலேயே வருபவை. குழந்தைக்கு அந்த நோய் இருந்தால் அதன் கொடி இரத்தத்திலும் அதே குறை இருக்கும். பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் சிலவற்றுக்கும் வித்து பிறப்பதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. நம்ம விவசாயிகளுக்கு இது சொல்லாமலே தெரியும். கலப்பு விழுந்த விதைநெல்லை எவ்வளவு பத்திரமாகக் கோட்டை கட்டி வைத்தாலும், அடுத்த போகத்தில் அதே கலப்புதானே முளைக்கும்! விதையைக் காப்பாற்றியதால் குறை போய்விடுமா?

இரண்டாவது காரணம், அளவு. ஒரு கொடியிலிருந்து கிடைக்கும் இரத்தம் ஒரு டம்ளர்கூட நிறையாது. சிகிச்சை பலிக்க வேண்டுமானால் நோயாளியின் எடைக்கு ஏற்றபடி அணுக்கள் வேண்டும். ஒரு பையில் உள்ளது சின்னப் பிள்ளைக்குப் போதலாம், வளர்ந்த ஆளுக்குப் பெரும்பாலும் போதாது. "குடும்பம் முழுவதற்கும் பாதுகாப்பு" என்ற பேச்சை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது காரணம், தேவையே அபூர்வம். ஒரு குழந்தைக்கு அதன் முதல் இருபது வயதுக்குள் தன் சொந்தக் கொடி இரத்தம் தேவைப்படும் வாய்ப்பு, நிபுணர்களின் மதிப்பீட்டின்படி 2,500 பேரில் ஒருவர் முதல் 2 இலட்சம் பேரில் ஒருவர் வரை. தஞ்சாவூர் நகரத்தின் ஜனத்தொகை 2011 கணக்குப்படி சுமார் 2 இலட்சத்து 22 ஆயிரம். குறைந்த மதிப்பீட்டை வைத்துப் பார்த்தால், ஊர் முழுவதும் சேமித்து வைத்தாலும் ஏறக்குறைய ஒரே ஒருவருக்குத் தேவைப்படும்.

இது நம் இலாகாவின் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலில், பிற்காலச் சொந்த உபயோகத்துக்காகக் கொடி இரத்தத்தைச் சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று சொல்லியிருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-இல், இது உயிருக்கு எடுக்கும் இன்ஷூரன்ஸ் அல்ல, நோயாளி இல்லாத குடும்பங்களில் இதை ஊக்குவிக்கக் கூடாது, விளம்பரங்கள் பல தவறான எண்ணத்தைத் தருகின்றன என்று அறிவித்தது. குழந்தைகளுக்கே வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் கூடிச் சொன்னது இது.

சர்க்கரை வியாதி, மூளை வளர்ச்சிக் குறை, ஆட்டிசம், மூட்டுத் தேய்வு எல்லாவற்றுக்கும் மருந்து என்று தாளில் நீளப் பட்டியல் போட்டிருந்தால் ஏமாந்துவிட வேண்டாம். இந்த நோய்களுக்குக் கொடி இரத்தம் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. "ஆராய்ச்சி நடக்கிறது" என்பதும் "குணமாகிறது" என்பதும் ஒன்றல்ல.

தாயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நம் பக்கத்தில் காய்ந்து விழுந்த கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் அரைஞாணில் கட்டுவது வழக்கம். "நம் முன்னோர் அன்றைக்கே ஸ்டெம் செல்லைச் சேமித்தார்கள், அதைத்தான் கம்பெனி இன்றைக்குச் செய்கிறது" என்று ஒரு பேச்சு செல்போனில் சுற்றி வருகிறது. காய்ந்த கொடியில் உயிருள்ள அணு எதுவும் இராது. வறுத்த நெல் முளைக்குமா? தாயத்து என்பது பெற்றவளின் ஆசை, குடும்பத்தின் நம்பிக்கை. கட்ட விரும்பினால் கட்டிக்கொள்ளுங்கள், அதில் தடையில்லை. ஆனால் அதை வைத்தியம் என்று எண்ணி, அதே எண்ணத்தில் ஐம்பதாயிரம் கட்ட வேண்டாம். கொடி தானாகக் காய்ந்து விழும் வரை அதன்மேல் சாம்பல், மஞ்சள், சாணம் எதையும் பூசவும் வேண்டாம். உலர்வாக விட்டாலே போதும்.

பெட்டகம் என்றைக்கும் பத்திரமா?

நம் மாவட்டத்திலிருந்து சிங்கப்பூர் போய் வேலை பார்க்கிறவர்கள் பல வீடுகளில் உண்டு. "அங்கேயெல்லாம் எல்லாரும் சேமிக்கிறாங்க, நீயும் கட்டிடு" என்று மச்சான் போனில் சொல்லியிருக்கலாம். ஆகவே அந்த ஊரில் நடந்ததையே கேளுங்கள். அங்கே ஒரு தனியார் கொடி இரத்த வங்கியின் சேமிப்புத் தொட்டிகள் 22-இல் 7 தொட்டிகள், வெவ்வேறு சமயங்களில், இருக்க வேண்டிய குளிரில் இல்லாமல் போனதாக 2023 நவம்பரில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. அவற்றில் ஒரு தொட்டியில் மட்டும் சுமார் 2,200 குடும்பங்கள் வைத்திருந்த இரத்தம் கெட்டுப்போயிருந்தது. காசு கட்டிய பெற்றோர்களுக்கு அதுவரை விஷயமே தெரியாது.

சட்டதிட்டத்துக்குப் பேர்போன ஊரிலேயே இப்படி. நெல்லைப் பத்தாயத்தில் போட்டால் நாமே எட்டிப் பார்க்கலாம். அந்துப்பூச்சி விழுந்ததா என்று தெரிந்துவிடும். எங்கோ ஒரு தொட்டியில் இருபது வருஷம், எழுபது வருஷம் கிடக்கப் போகிற பையை யார் எட்டிப் பார்ப்பது?

கொடியை அறுக்குமுன் பொறுங்கள்

இனித்தான் முக்கியமான விஷயம். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

கொடியில் ஓடுவது குழந்தையின் சொந்த இரத்தம் என்று முதலில் சொன்னோமல்லவா? குழந்தை வெளியே வந்த அந்த நொடியில் அதன் மொத்த இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியிலும் கொடியிலும் தங்கியிருக்கும். உடனே கிளிப் போட்டு அறுத்துவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். ஒன்று முதல் மூன்று நிமிஷம் பொறுத்தால், கொடி துடிக்கத் துடிக்க அந்த இரத்தம் குழந்தையின் உடம்புக்குள் போய்ச் சேரும். சுமார் 80 முதல் 100 மில்லி வரை இப்படிப் போகிறது. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் உள்ள மொத்த இரத்தமே சுமார் 250 மில்லிதான் என்றால், இது எவ்வளவு பெரிய பங்கு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமுன் நடுவில் மதகை அடைத்தால் என்ன ஆகும்? தலைப்பில் தண்ணீர் நிற்கும், கடைசி வயல் காயும். கொடியை அவசரப்பட்டு அறுப்பதும் அப்படித்தான்.

இந்த இரத்தத்தோடு இரும்புச் சத்தும் போகிறது. அது குழந்தைக்கு முதல் ஆறு மாதம் வரை கைகொடுக்கும். தாய்ப்பாலில் எல்லாம் உண்டு, ஆனால் இரும்புச் சத்து கொஞ்சம்தான். ஆகவே பிறக்கும்போதே கொண்டு வருகிற இருப்புதான் அந்த ஆறு மாதத்துக்கும் ஆதாரம். தமிழ்நாட்டில் 2019–21-இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. அதாவது பாதிக்கு மேல்! சோகை பிடித்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், பசி எடுக்காது, அடிக்கடி சீக்கு வரும், படிப்பிலும் மந்தமாகும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இலட்சத்தில் ஒருவருக்கு வரக்கூடிய தேவைக்காக ஒரு பையில் இரத்தத்தை இறக்குவதா? அல்லது இரண்டில் ஒரு பிள்ளைக்கு வருகிற சோகையைத் தடுக்க அந்த இரத்தத்தைப் பிள்ளைக்கே விடுவதா? பை நிறைய வேண்டும் என்று அவசரமாகக் கொடியை அறுத்தால் நஷ்டம் யாருக்கு? உங்கள் பிள்ளைக்குத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிறந்து ஒரு நிமிஷம் ஆவதற்கு முன் கொடியை அறுக்க வேண்டாம் என்கிறது. நம் மத்திய அரசு 2018-இல் தொடங்கிய இரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்திலும் கொடியைத் தாமதித்து அறுப்பது சேர்க்கப்பட்டிருக்கிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. சுகப் பிரசவத்திலும் செய்யலாம், ஆப்பரேஷன் பிரசவத்திலும் செய்யலாம். இதனால் தாய்க்கு இரத்தப்போக்கு அதிகமாவதில்லை. சில குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை சற்றுக் கூடலாம், அதை டாக்டரும் நர்சும் கவனித்துக்கொள்வார்கள். குழந்தை மூச்சுவிடவில்லை, தாய்க்கு உதிரம் கட்டுக்கடங்காமல் போகிறது என்பது போன்ற அவசரத்தில் உடனே அறுக்க நேரிடும். அதை முடிவு செய்ய வேண்டியவர் பிரசவம் பார்ப்பவரே. அந்த நேரத்தில் அவரை வற்புறுத்தக் கூடாது.

யார் கட்டாயம் சேமிக்க வேண்டும்?

சில குடும்பங்களுக்கு இந்த இரத்தம் பொன்னுக்குச் சமம். மூத்த பிள்ளைக்குத் தலசீமியா, மஜ்ஜை வற்றிப்போகும் இரத்தசோகை, சில வகை இரத்தப் புற்றுநோய், பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத நோய் இவற்றில் ஒன்று இருந்து, தாய் மறுபடி கர்ப்பமாகியிருந்தால், பிறக்கப் போகும் தம்பி தங்கையின் கொடி இரத்தத்தைச் சேமிப்பது பற்றி டாக்டரிடம் அவசியம் பேச வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் குழந்தை மருத்துவர் சங்கமும் இதை ஒப்புக்கொள்கின்றன.

உடன்பிறந்தவர் இரத்தம் முழுவதும் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பொருந்தாமலும் போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். பிறக்கப் போகும் பிள்ளைக்கும் அதே நோய் இருக்கிறதா என்று கர்ப்ப காலத்திலேயே பார்க்க வழியுண்டு. ஆகவே கர்ப்பம் தரித்த உடனேயே, மூன்று மாதத்துக்குள், தஞ்சாவூர் இராஜா மிராசுதார் அரசு மருத்துவமனைக்கோ, மூத்த பிள்ளைக்குச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கோ சென்று விவரம் சொல்லுங்கள். பிரசவ நாளில் சொன்னால் காலம் கடந்துவிடும். கொடியை எப்போது அறுப்பது, எவ்வளவு எடுப்பது என்பதையும் டாக்டர்களே முன்கூட்டித் தீர்மானிப்பார்கள்.

அந்தச் சமயம் சேமிக்க முடியாமல் போனாலும் மனம் தளர வேண்டாம். பொருத்தமான தம்பியோ தங்கையோ சற்று வளர்ந்த பின் மஜ்ஜையே கொடுக்கலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986 முதலே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. இப்போது பாதிப் பொருத்தம் உள்ள தாய் அல்லது தகப்பனிடமிருந்தும் எடுத்து ஏற்றுகிறார்கள். சொந்தத்தில் யாருமே பொருந்தாவிட்டால், முன்பின் தெரியாதவர் ஒருவர் கொடுக்கவும் வழியுண்டு. அப்படிக் கொடுக்க முன்வருகிறவர்களைப் பதிவு செய்யும் தாத்ரி என்ற அமைப்பு சென்னையில் 2009-இல் தொடங்கப்பட்டது. பதிவுக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்தால் போதும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கும் உதவி உண்டு.

அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இன்னொன்றும் செய்யலாம். கணவன் மனைவி இருவரும் தலசீமியாவைச் சுமக்கிறவர்களா என்று ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். இருவரும் சுமக்கிறவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முன்கூட்டித் தெரிந்தால் முன்கூட்டி வழி பார்க்கலாம்.

தாய்மார்கள் கேட்பவை

"நர்சம்மா, பக்கத்து வீட்டுல கட்டிட்டாங்க. நாங்க கட்டலேன்னா பிள்ளைக்குத் துரோகம் பண்ணின மாதிரி ஆகாதா?"

ஆகவே ஆகாதும்மா. மூணு நிமிஷம் கொடியை விட்டு வச்சு, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் கொடுத்தீங்கன்னா, காசு கட்டினவங்களைவிட நீங்க அதிகமாவே பிள்ளைக்குச் சேர்த்து வச்சாச்சு.

"எப்படியும் நஞ்சோட புதைக்கிற இரத்தம்தானே? வீணாப் போறதை எடுத்து வச்சா என்ன தப்பு?"

அதை வீண் என்று சொல்வதே தப்பு. பொறுமையாக இருந்தால் அதில் பெரும்பங்கு பிள்ளைக்குப் போய்விடும். மீதிதான் நஞ்சோடு போகிறது. பொறுத்து அறுத்த பிறகு பையில் சேருவது குறையும். பை நிறைவதைவிடப் பிள்ளை நிறைவது பெரிசு.

"சமூக வங்கின்னு ஒண்ணு சொல்றாங்களே, ஒருத்தர் கட்டினா எல்லார் இரத்தத்துலேயும் பங்கு உண்டாமே?"

2017 முதல் இப்படியும் ஒரு திட்டம் வந்திருக்கிறது. காசு கட்டினவர்கள் எல்லாருடைய சேமிப்பையும் பொதுவில் வைத்து, தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது. தன் இரத்தம் தனக்கே என்பதைவிட இதில் பொருள் இருக்கிறது. ஆனால் அப்போதும் தேவை அபூர்வமே. சிகிச்சைச் செலவு முழுவதும் தனி. கடன் வாங்கிக் கட்டுகிற அளவுக்கு அவசியமானது என்று சொல்வதற்கில்லை.

"நாங்க ஏற்கெனவே கட்டிட்டோமே, இப்ப என்ன செய்யறது?"

பயப்பட வேண்டாம். பிரசவத்துக்கு முன் டாக்டரிடம், "கொடியை அறுக்க வேண்டிய நேரத்துக்கே அறுங்க, பைக்காக அவசரப்பட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். ஒப்பந்தத்தைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உரிமம் இருக்கிறதா, எத்தனை அணுக்கள் கிடைத்தன என்று எழுத்தில் தருவார்களா, குறைவாகக் கிடைத்தால் பணம் திரும்புமா, தவணை நின்றால் என்ன, கம்பெனி மூடினால் பை எங்கே போகும் என்று கேளுங்கள். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், தாளில் காட்டச் சொல்லுங்கள்.

"வீட்டுக்காரர் நகையை வச்சுக் கட்டலாம்ங்கறார். நான் என்ன சொல்ல?"

தம்பி, இந்தப் பக்கத்தை நீங்களே படியுங்கள். குறுவை கைகொடுக்குமா என்பதே தண்ணீரைப் பொறுத்தது. நகைக்கடனுக்கு வட்டி உண்டு, அந்தப் பைக்கு விளைச்சல் இல்லை. அதே பணத்தில் ஒரு பங்கைப் பெண் பிள்ளையானால் தபால் ஆபீசில் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். ஆண் பிள்ளையானாலும் தபால் ஆபீஸ் சேமிப்பு இருக்கிறது. இன்னொரு பங்கில் மனைவிக்குக் கீரை, முட்டை, மீன், பேரீச்சம்பழம், பால் வாங்கிக் கொடுங்கள். அதுதான் வட்டியோடு திரும்பி வருகிற முதல்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை

1. கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. மூன்று மாதம் கழிந்ததிலிருந்து கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை நாள் தவறாமல் 180 நாள் சாப்பிடுங்கள். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தொடருங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்த வேண்டாம்.

3. மூத்த பிள்ளைக்கோ நெருங்கிய சொந்தத்திலோ இரத்த நோய் இருந்தால் முதல் பரிசோதனையிலேயே மறைக்காமல் சொல்லுங்கள்.

4. எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுங்கள், அல்லது 104-க்குப் போன் செய்து விசாரியுங்கள்.

5. பிரசவத்துக்குப் போகும்போது, "தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தில்லை என்றால் கொடியை மூணு நிமிஷம் விட்டு அறுங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மனைவி வலியில் மறந்துவிடலாம். இது கணவன் சொல்ல வேண்டியது.

6. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், ஆறு மாதம் முடிந்ததும் கீரை, பருப்பு, முட்டையோடு சோறு மசித்துக் கொடுப்பது, தவறாமல் தடுப்பூசி. இவை உங்கள் பிள்ளைக்கு நீங்கள் எடுக்கும் நிஜமான இன்ஷூரன்ஸ். தடுப்பூசி எல்லாம் அரசு நிலையங்களில் இலவசம்.

தம்பதிகளே! நோயுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் டாக்டர் சொல்படி சேமியுங்கள். இல்லையென்றால் கொடி இரத்தத்தைச் சேமிக்கச் சிறந்த பெட்டகம் உங்கள் குழந்தையின் உடம்புதான். அதற்குச் சாவி மூன்று நிமிஷப் பொறுமை. இந்த வெளியீட்டைப் படித்து முடித்ததும் உங்கள் தெருவில் உள்ள இன்னொரு கர்ப்பிணி வீட்டுக்குக் கொடுத்து உதவுங்கள்.

பொறுத்து அறுப்போம் கொடியை! சோகையின்றி வளர்ப்போம் பிள்ளையை!